மார்ச் மாதத்து விண்ணப்பங்கள்

நீட் முடிவு வருவது ஜூனில். இடம் கிடைக்காத பிள்ளை அடுத்து என்ன செய்யும் என்பதோ பல வீடுகளில் மார்ச்சிலேயே முடிவாகிவிடுகிறது. உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாக யாருக்கும் நினைவிருக்காது. 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி பல்கலைக்கழகத்தில் சேர எழுதவேண்டிய க்யூட் தேர்வுக்கு விண்ணப்பம் மார்ச் 1 அன்று திறந்து, மாதம் முடிவதற்குள் மூடிவிட்டது. நீட் நடந்தது மே 4. முடிவு ஜூன் 14. எய்ம்ஸில் பி.எஸ்சி. நர்சிங், ஆப்டோமெட்ரி, ரேடியோகிராபி போன்ற படிப்புகளுக்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வு. அவையும் நீட்டுக்காகக் காத்திருப்பதில்லை. ஜூன் நடுவில் தலையில் கைவைத்துக்கொண்டு 'இனி என்ன?' என்று கேட்கும் வீட்டுக்கு முன்னால், வசதியாகத் திறந்திருக்கும் ஒரே கதவு 'டிராப்'. இன்னொரு வருஷம். அதைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லிக்கொள்கிறோம். வேறு எதுவும் மிச்சமில்லாதபோது அதைத் தேர்வு என்று எப்படிச் சொல்வது?

இதை நான் கற்றுக்கொண்டது சரோஜினி நகரில், என் மகள் வழியாக. நாங்கள் மத்திய சர்க்கார் உத்தியோகத்தால் டெல்லிக்கு வந்த திருநெல்வேலிக் குடும்பம். பக்கத்துப் பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்து அடுக்குமாடிகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. படிக்கிற பிள்ளைக்கு ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். சரோஜினி நகர் மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிறுத்தம் ஐ.என்.ஏ.; அங்கே வண்டி மாறினால் அதற்கடுத்தது எய்ம்ஸ். எதிரே சாலையைத் தாண்டினால் சஃப்தர்ஜங் மருத்துவமனை. நாட்டின் பாதி நோயாளிகள் வந்து நடைபாதையில் படுத்துக் காத்திருக்கிற இடத்துக்கு அருகே வளர்கிற பிள்ளைக்கு டாக்டராகும் ஆசை வராமல் போனால்தான் ஆச்சரியம். அவளுக்கு லேடி ஹார்டிங்கின் மேல் ஒரு கண். 1916-இல் பெண்களுக்கென்றே தொடங்கிய கல்லூரி. டெல்லியில் பதினொன்றும் பன்னிரண்டும் படித்தவர்களுக்கு 85 சதவீத இடம் உண்டு என்பதால் ஆசைக்கு ஓர் ஆதாரமும் இருந்தது.

முடிவு வந்ததும் ஊரிலிருந்து முதல் போன் மைத்துனனிடமிருந்து. "அத்தான், பாஸ்தானே? அப்புறம் ஏன் எல்லாரும் இப்படி உட்கார்ந்திருக்கீங்க?" அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2025-இல் ஏறக்குறைய 22 லட்சம் பேர் எழுதி 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றார்கள். நாட்டில் எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1.2 லட்சம், அதில் அரசுக் கல்லூரிகளில் இருப்பது ஏறத்தாழ பாதி. பாஸானவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் இடம். எய்ம்ஸில் வருஷத்துக்குக் கல்விக் கட்டணம் இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அதே வருஷத்துக்கு இருபது லட்சத்தைத் தாண்டும். பாஸாகியும் இடமில்லை என்பதை போனில் விளக்குவதற்குள், விளக்குகிறவரே ஃபெயிலானது போலாகிவிடும்.

மதிப்பெண்ணும் ஏமாற்றுகிறது. 2023-இல் 650 எடுத்தவருக்கு அகில இந்திய ரேங்க் ஏழாயிரம் சுற்றுவட்டத்தில் வந்தது. 2024-இல் அதே 650-க்கு ரேங்க் முப்பதாயிரத்தைத் தொட்டது. 2025-இல் இயற்பியல் தாள் பிழிந்தெடுத்ததில், 650-க்கு மேல் எடுத்தவர்களே நாடு முழுக்க 73 பேர்தான். சென்ற வருஷத்தைவிட எத்தனை மார்க் கூடியது, எத்தனை குறைந்தது என்று பிள்ளையை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிற பெற்றோருக்கு இதைச் சுவரில் ஒட்டிக் காட்ட வேண்டும். மதிப்பெண் கூடியும் ரேங்க் பின்னால் போகும் தேர்வில், 'முன்னேறியிருக்கிறாள், இன்னும் கொஞ்சம்தான்' என்ற வார்த்தைக்கு என்ன பொருள்?

அதற்காக, திரும்ப எழுதுவது முட்டாள்தனம் என்று சொல்ல மாட்டேன். நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த ஏ.கே.ராஜன் குழு 2021-இல் தமிழ்நாட்டு அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுமுறை எழுதியவர்கள் 2016–17-இல் 12.47 சதவீதம், 2020–21-இல் 71.42 சதவீதம். அதாவது ஒரு வருஷத்தைக் கொடுப்பது கிட்டத்தட்ட நுழைவுக் கட்டணமாகவே ஆகிவிட்டது. கையில் காசும் கோச்சிங்கும் இருக்கிற வீடு அந்தக் கட்டணத்தைக் கட்டுகிறது, இல்லாத வீடு நின்றுவிடுகிறது என்பதுதான் அந்த அறிக்கையின் முறையீடு. நியாயமான முறையீடு. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதே வருஷம் நீட் விலக்கு மசோதா நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அவையிலேயே அறிவித்தார். ஊரிலிருந்து வருகிற உறவினர்கள் இதைப் பற்றி ராத்திரி பதினொரு மணிவரை எங்கள் கூடத்தில் வாதாடுவார்கள். அடுத்த அறையில் படிக்கிறவளுக்கு அந்த வாதத்தின் எந்தப் பக்கமும் உதவாது.

சிக்கல் எங்கே என்றால், இந்தத் தேர்வு யாரையும் போதும் என்று சொல்லி அனுப்புவதில்லை. ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் இரண்டு முறைதான். சிவில் சர்வீஸில் பொதுப்பிரிவுக்கு ஆறு முறை. நீட்டில் எத்தனை முறை என்ற வரம்பு கிடையாது. இருந்த வயது வரம்பையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். பெரிய உபகாரம் போலத்தான் இருந்தது. தேர்வு சொல்லாததை இனி வீடுதான் சொல்ல வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருப்பவனுக்கு வேறொரு கடிகாரமும் உண்டு. ஓய்வு பெற்று ஆறு மாதத்தில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்கள் தெருவில் பிள்ளைகளின் டிராப் வருஷங்களை அப்பாக்களின் ஓய்வுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் பேசிக்கொள்வார்கள், பிள்ளைகள் காதில் விழாமல்.

ஏன் மார்ச்சிலேயே மற்ற விண்ணப்பங்களையும் போட்டு வைப்பதில்லை? ஆயிரமோ இரண்டாயிரமோ செலவாகும் என்பதாலா? இல்லை. அபசகுனம். பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் கிடைக்காவிட்டால் என்ன என்று பேச நம் நாக்கு எழாது. கல்யாண வீட்டில் மழை வந்தால் என்று கேட்கிற ஆளை முறைக்கிற ஜாதி நாம். என் மனைவி ஒவ்வொரு செவ்வாயும் இங்கே இருக்கிற விநாயகர் கோயிலுக்குப் போய் வருவாள். க்யூட் என்ற பேச்சை எடுத்ததும் அவள் சொன்னது: "பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுட்டு வந்திருக்கேன். இந்த நேரத்துல வாயில வர்ற பேச்சா இது?"

அவள் பயத்தின் அடியில் இன்னொரு பயம் இருந்தது. அதை நானும் பெயர் சொல்லிப் பேசியதில்லை. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1,200-க்கு 1,176 எடுத்தும் நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத பெண், 2017 செப்டம்பர் 1 அன்று இறந்துபோனாள். அன்றிலிருந்து தமிழ் வீடுகளில் நீட் எழுதுகிற பெண் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே ஒரு தாய் காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு வார்த்தை கூடிப்போனால் என்ன ஆகுமோ என்று எதையுமே பேசாமல் விடுகிறோம். ஆனால் அந்த மௌனத்தைப் பிள்ளை எப்படிப் புரிந்துகொள்ளும்? இதைத் தவிர வேறு வாழ்க்கையைப் பற்றி இந்த வீட்டில் யாரும் வாயே திறப்பதில்லை, ஆகவே அப்படி ஒன்று இல்லை என்றுதான். பாதுகாப்பு என்று நினைத்து நாம் செய்வது, அவளைச் சுவரோரம் தள்ளுகிற காரியம். மாற்று வழியை உரக்கப் பேசுவது அபசகுனமே ஆனாலும் பேசிவிடுவது நல்லது.

பேச்சு இல்லாத இடத்தில் ஆறுதல் வந்து நிரம்பும். சரோஜினி நகர் மார்க்கெட் ஏற்றுமதியில் கழித்த துணிகளுக்குப் பெயர் போனது. ஒரு பொத்தான் கோணல் என்று வெளிநாட்டுக்காரன் தள்ளிவிட்ட சட்டையை இருநூறு ரூபாய்க்கு வாங்கி டெல்லியே பெருமையாகப் போட்டுக்கொள்கிறது. வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் இதை எடுத்துக்காட்டாகச் சொல்லி மகளைத் தேற்றப் பார்த்தார். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளைத்தான் சரி என்பேன். எந்தச் சட்டையும் காலை நான்கு மணிக்கு எழுந்து உயிரியல் படித்ததில்லை.

வாட்ஸப்பில் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் வருவார், ஜூன் தவறாமல். சிதம்பரத்தில் பிறந்தவர், வேலூர் சி.எம்.சி.யிலும் ஐ.ஐ.டி.யிலும் இடம் கிடைக்காதவர், 2009-இல் வேதியியல் நோபல். ஃபெயிலானால் நோபல் என்பது போல முடியும் அந்தச் செய்தி. அதில் விட்டுப்போன பகுதிதான் எனக்கு முக்கியம். அவருக்குப் பரோடாவில் மருத்துவ இடம் கிடைத்தது. தேசிய அறிவியல் திறன் உதவித்தொகையும் கிடைத்தது. அதைக் கொண்டு இயற்பியலுக்குப் போனார். முனைவர் பட்டம் வாங்கியபின் சான் டியகோவில் மறுபடி மாணவராகி உயிரியலை அடியிலிருந்து படித்தார். ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்த வேலை, நோய்க்கிருமியை மருந்து எப்படி முடக்குகிறது என்ற கேள்விக்குள்ளேயே அவரைக் கொண்டுபோய் விட்டது. மேதைமை நம் கையில் இல்லை. ஒரே பருவத்தில் நாலு விண்ணப்பம் போட்டு வைப்பது நம் கையில் இருக்கிறது.

வெளிநாட்டுப் படிப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோச்சிங் சென்டர் வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுப்பவர்கள் ஜார்ஜியா, கிர்கிஸ்தான் என்று நிறையச் சொல்வார்கள். குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே ஒரு வருஷப் பயிற்சி என்ற 2021-ஆம் ஆண்டு விதிகளையும், திரும்பி வந்து எழுதவேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் பெரும்பாலும் பத்தில் மூன்று பேர்கூடத் தேறுவதில்லை என்பதையும் சொல்லமாட்டார்கள். 2022-இல் உக்ரைனிலிருந்து பாதிப் படிப்போடு ஓடிவந்தவர்களைப் பார்த்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. சித்த மருத்துவத்தை யோசித்தோம். 1964-இல் தொடங்கிய பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. இங்கேயே சஃப்தர்ஜங் மருத்துவமனைக்குள் சித்த ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று இயங்குகிறது. அதற்கும் நீட் ரேங்க்தான். மகள் சொன்னாள்: "சித்தா பிடிச்சிருந்தா முதல்லயே கேட்டிருப்பேன்பா. இது கிடைக்கலைன்னு அதுக்குப் போனா, அஞ்சரை வருஷமும் இதையே நெனச்சிட்டிருப்பேன்." அப்படிப் போகிறவர்களால் சித்த மருத்துவத்துக்கும் நல்லதில்லை.

திருப்பம் என்று சொன்னால் அது ஆச்சியின் கண்ணால் வந்தது. என் அம்மாவுக்குக் கண்புரை. எய்ம்ஸின் ராஜேந்திர பிரசாத் கண் மையத்துக்குத் துணைக்குப் போனது மகள். சர்ஜன் ஆச்சியைப் பார்த்தது சில நிமிஷம். அதற்கு முன் சொட்டு மருந்து விட்டு, அளவெடுத்து, இந்தி தெரியாத கிழவியிடம் சைகையில் கேட்டு வாங்கி, எந்த லென்ஸ் என்று கணக்குப் போட்டவர்கள் வேறு ஆட்கள். வீட்டுக்கு வந்து அவள் கேட்டது ஒரே கேள்வி: "அவங்க என்ன படிச்சவங்கப்பா?" ஸ்டெதஸ்கோப்புக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரி இருப்பது, அதற்கு இத்தனை அருகில் வளர்ந்தும் அன்றுதான் எங்கள் கண்ணில் பட்டது. "நர்ஸா?" என்று உறவில் மூக்கைச் சுருக்குகிறவர்கள் யாரும் வார்டில் ஒரு ராத்திரி இருந்தவர்களில்லை என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த மார்ச்சில் அவளே எல்லா விண்ணப்பத்தையும் போட்டாள், அம்மாவுக்குத் தெரியாமல். நீட்டும் எழுதினாள். நீட்டில் ரேங்க் போதவில்லை. ஆப்டோமெட்ரியும் வரவில்லை, சொற்ப இடங்கள்தான் அதிலும். டெல்லி பல்கலைக்கழகத்தில் பயோமெடிக்கல் சயின்ஸ் கிடைத்தது. சந்தோஷமாகச் சேர்ந்தாள் என்று சொன்னால் பொய். முதல் பருவம் முழுக்க வெள்ளைக்கோட்டுக் கூட்டத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நீட் புத்தகங்களை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. வயது வரம்பு இல்லையே, ஒரு நாள் மறுபடி எழுதலாமே என்று அவ்வப்போது சொல்கிறாள். எழுதட்டும். இப்போது கையில் ஒரு படிப்பு இருந்துகொண்டு எழுதுவாள்.

பிறகு ஒரு மார்ச்சில் மாடிவீட்டுக்காரர் வந்திருந்தார். அவர் பெண்ணுக்கும் இது இரண்டாவது முறை. "க்யூட் ஃபார்ம் போட்டாச்சா சார்?" என்று கேட்டேன். "குழந்தை படிச்சுக்கிட்டிருக்கா, இப்போ அதையெல்லாம் பேச வேண்டாம் சார்" என்றார் குரலைத் தாழ்த்தி. சரி என்று விட்டுவிட்டேன். மறுநாள் காய்கறிக் கடையில் அந்தப் பெண்ணே எதிர்ப்பட்டாள். கடைசித் தேதியை அவளிடம் சொன்னேன். "தெரியும் அங்கிள், போட்டுட்டேன்" என்றாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."