டாங்கிகளை மறித்த திரையரங்கு

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் உல்லொயி சாலையும் நகரின் வளையப் பெருஞ்சாலையும் சந்திக்கும் முனைக்கு அருகே, குதிரைலாட வடிவில் வளைந்த அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே நிற்கிறது கோர்வின் திரையரங்கு. 1922இல் திறக்கப்பட்டது. படம் பார்க்க வருபவர்கள் வீடுகளுக்கு இடையிலுள்ள குறுகிய சந்துகள் வழியே உள்ளே வரலாம். 1956இல் டாங்கிகளால்தான் வர முடியவில்லை.

அந்த ஆண்டு அக்டோபர் 23 அன்று சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான மாணவர்களின் ஊர்வலம் பெருங்கூட்டமாகத் திரண்டது. மக்கள் ஸ்டாலின் சிலையைச் சாய்த்தார்கள். பீடத்தில் பூட்ஸ் மட்டும் மிஞ்சியது. வானொலி நிலையத்தின் முன் துப்பாக்கி வெடித்தது. மறுநாள் சோவியத் டாங்கிகள் நகருக்குள் நுழைந்தன. நகருக்குள் வரும் முக்கிய வழிகளில் ஒன்று உல்லொயி சாலை.

டாங்கிகளை எதிர்த்துக் கோர்வினில் கூடியவர்களில் பலர் தொழிலாளர்கள்; மீசை அரும்பாத பையன்களும் இருந்தார்கள். திரையரங்கின் பின்புறம் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. பாட்டிலில் பெட்ரோலை நிரப்பி, கழுத்தில் துணியைத் திணித்தால் ஆயுதம் தயார். டாங்கியின் பீரங்கியை ஓரளவுக்கு மேல் உயர்த்த முடியாது; மாடி ஜன்னலிலிருந்து அதன் இயந்திரத்தின் மேல் பாட்டிலை எறிந்துவிட்டுப் பையன்கள் சந்துக்குள் மறைந்துவிடுவார்கள். கைப்பற்றிய டாங்கி எதிர்ப்புப் பீரங்கி ஒன்றையும் திரையரங்கின் முன் நிறுத்தியிருந்தார்கள்.

சாலைக்கு எதிர்ப்புறம் கிலியான் படைமுகாம். கிளர்ச்சியை அடக்க டாங்கிகளோடு அங்கே அனுப்பப்பட்ட கர்னல் பால் மலேட்டர், கடைசியில் கிளர்ச்சியாளர் பக்கமே சேர்ந்தார். கிளர்ச்சியின்போது பிரதமரான இம்ரே நாகியின் அரசில் பாதுகாப்பு அமைச்சரும் ஆனார். நவம்பர் 3 இரவு, பேச்சுவார்த்தைக்குப் போன இடத்தில் சோவியத் தரப்பு அவரைக் கைது செய்தது.

விடிந்தால் நவம்பர் 4. மீண்டும் தாக்க வந்த சோவியத் படை இம்முறை சந்து முனையில் மாட்டிக்கொள்ளத் தயாராக இல்லை. கோர்வின் மீது கனரகப் பீரங்கிக் குண்டுகள் பொழிந்தன. டாங்கியைத் தடுத்த வளைவுச் சுவர்களால் தொலைவிலிருந்து வந்த குண்டுகளைத் தடுக்க முடியவில்லை. கிளர்ச்சியில் சுமார் 2,500 ஹங்கேரியர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ 2,00,000 பேர் நாட்டைவிட்டு ஓடினார்கள். கோர்வின் குழுவின் தலைவர்களில் ஒருவரான லாஸ்லோ இவான் கோவாச் 1957 டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். நாகியும் மலேட்டரும் 1958 ஜூன் 16 அன்று. முப்பதாண்டுகளுக்கும் மேலாக இவர்கள் எல்லாரும் அரசின் பார்வையில் எதிர்ப்புரட்சிக்காரர்கள். 1989 ஜூன் 16 அன்றுதான் நாகிக்கும் தோழர்களுக்கும் முறையான அடக்கம் நடந்தது.

திரையரங்கில் இன்றும் படம் ஓடுகிறது. வாசலில் துப்பாக்கி ஏந்திய சிறுவனின் வெண்கலச் சிலை, 1996இல் வைத்தது. போகிறவர்கள் அதன் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சந்துக்குள்ளும் ஒரு நடை போய், அங்கிருந்து பெருஞ்சாலையைப் பார்க்க வேண்டும். வல்லரசின் டாங்கிப்படை இங்கே ஏன் திணறியது, பிறகு ஏன் தூர நின்றே சுட்டது என்ற இரண்டுக்கும் அந்தச் சந்தின் அகலமே விடை சொல்லிவிடும்.