32-ல் ஒன்று

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையும் பின்னால் போய், பஸ் கல்வராயன் மலை ஏறத் தொடங்கியதும் அந்தக் கணக்கு வாத்தியார் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நான்காக மடித்த காகிதம் பத்திரமாக இருந்தது. தங்கச்சியிடம் காட்ட வேண்டிய காகிதம். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்றுதான் கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்தான் அவர் பிறந்த இடம். அப்பா 46 வயதில் போய்ச் சேர்ந்தார். புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறியவர், ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான். “காத்து கருப்பு அடிச்சிடுச்சு” என்றார்கள் ஊரில். வாத்தியாருக்கு அப்போது பதினாறு வயது.

இப்போது அவருக்கு 52. இரண்டு வருடங்களுக்கு முன் பள்ளியில் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார். மனைவி விடவில்லை. எக்கோ எடுத்தபோது இதயத் தசை தடித்திருப்பது தெரிந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “அப்பா எந்த வயசுல, எப்படி இறந்தாரு?”

பதிலைக் கேட்டதும் மரபணுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். அதன் முடிவில் இருந்த பெயர், எம்.ஒய்.பி.பி.சி.3. அந்த மரபணுவில் 25 எழுத்துகள் இல்லை.

பெயர் வாயில் நுழையாவிட்டாலும் சமாசாரம் நம் ஊர்க்காரர்கள் கண்டு சொன்னதுதான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் ஆகியோர் அடங்கிய குழு, 2009-ல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் இதை வெளியிட்டது. இந்தியாவின் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகங்களில் 6 ஆயிரத்துக்கும் அதிகமானோரைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய 100-க்கு 4 பேரிடம் இந்தக் குறை இருந்தது. ஒரு வகுப்பில் 50 பிள்ளைகள் என்றால், அதில் இரண்டு பேர்!

அந்த மரபணு தயாரிப்பது, இதயத் தசைக்குள் இருக்கும் ஒரு புரதம். 1,274 அமினோ அமிலங்கள் மணிமாலையாகக் கோத்தது. தசை சுருங்குவதற்கு உள்ளே தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போக வேண்டும். அந்த வேகத்தைப் பதமாக வைத்திருப்பது இந்தப் புரதத்தின் வேலை. மலைச்சாலை பஸ்ஸுக்கு பிரேக் எப்படியோ, அப்படி. தடித்த இழையைப் பற்றிக்கொள்வது இதன் வால் பகுதி.

வேடிக்கை என்னவென்றால், தொலைந்த 25 எழுத்துகள் புரதத்துக்கான எழுத்துகளே அல்ல. இடையில் வரும், வெட்டி எறியப்படும் பகுதியைச் சேர்ந்தவை. ஆனால் ‘இங்கே வெட்டு, இங்கே ஒட்டு’ என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்பு அங்கேதான் இருக்கிறது. குறிப்பு இல்லாததால் பக்கத்தில் இருக்கிற நல்ல துண்டும் சேர்ந்து வெட்டுப்படுகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் தப்பாக வாசிக்கப்படுகிறது. மாலை முக்கால்வாசிக்கு மேல் சரி. வால் மட்டும் வேறு. பற்ற வேண்டிய இடத்தில் அது சரியாகப் பற்றுவதில்லை.

இந்தக் குறை சுமார் 33 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தோன்றியிருக்கலாம் என்று அந்தக் குழு கணக்கிட்டது. இவ்வளவு காலம் இயற்கை இதை ஏன் சலித்து எறியவில்லை? வாத்தியார் டாக்டரிடம் கேட்டதும் இதைத்தான். ஒற்றைப் பிரதியில் மட்டும் குறை இருந்தால், தொந்தரவு பெரும்பாலும் நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் வரும். அதற்குள் பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிடும். இயற்கையின் சல்லடை பார்ப்பது வாரிசை மட்டும்தான். அப்பா 46-ல் போனது அதன் கணக்கிலேயே வரவில்லை. இரண்டு பிள்ளைகளைக் கொடுத்துவிட்டுத்தானே போனார்!

வாத்தியாருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ரத்த அழுத்தம் ஏறக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, வருடம் ஒருமுறை எக்கோ. அதோடு முடிந்திருந்தால் அவர் மலையேறி வந்திருக்க மாட்டார்.

அவர் பையனுக்கும் தங்கச்சி மகளுக்கும் கல்யாணம் என்பது இருவரும் தொட்டிலில் கிடந்தபோதே பேசியது. பெண் சேலத்தில் நர்சிங் படிக்கிறாள். இரண்டு பிரதியிலும் குறை வந்து சேரும் குழந்தைக்குச் சின்ன வயதிலேயே நோய் கடுமையாக வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

திண்ணையில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தார். கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். குறை அப்பா வழியில் மட்டும் வந்தது என்று வைத்துக்கொண்டால், பையனுக்கு அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. தங்கச்சிக்கும் இரண்டில் ஒன்று, அவள் மகளுக்கு நான்கில் ஒன்று. இரண்டு பேருக்கும் இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு இரண்டு பிரதியும் வர நான்கில் ஒன்று. பெருக்கினால் 32-ல் ஒன்று. வெளியில் பெண் எடுத்தால் இது 200-ல் ஒன்றாகக் குறையும்.

தங்கச்சி காகிதத்தைப் பார்த்தாள். “முப்பத்திரண்டுல ஒண்ணுன்னா, அது பெருசாண்ணா, சின்னதாண்ணா?”

முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்தவரிடம் அதற்குப் பதில் இல்லை.

பதில் சொன்னது உள்ளே இருந்த பெண். “எதுக்கு மாமா பெருக்கிக்கிட்டு? எல்லாருக்கும் ரத்தத்தைக் குடுத்துப் பாத்துடலாமே.”

ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வரும் வரை வாத்தியார் இணையத்தில் தேடித் தேடிப் படித்தார். அதில் ஒன்று அவருக்குக் கொஞ்சம் தூக்கம் கொடுத்தது. அமெரிக்காவில் வாழும் தெற்காசியர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு அது. 25 எழுத்து இல்லாதவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, அதே புரதத்தின் 389-வது மணியும் மாறியிருந்தது. அஸ்பார்டிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின். ஒரே ஒரு மணி! இரண்டு மாற்றமும் சேர்ந்திருந்தவர்களின் இதயம்தான் அளவுக்கு மீறி அழுத்திச் சுருங்கியது. அதாவது 25 எழுத்து போன எல்லோருக்கும் அப்பாவின் கதி என்று விதி எதுவும் இல்லை.

பையனுக்கு இருந்தது. தங்கச்சிக்கும் இருந்தது. தங்கச்சி மகளுக்கு இல்லை.

“அப்ப நாள் பாத்துடலாமாண்ணா?” என்று தங்கச்சி உடனே கேட்டாள். தனக்கு இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“அம்மா, எனக்கு அது இல்லைன்னுதான் வந்திருக்கு. கல்யாணத்துக்குச் சம்மதம்னு வரலை” என்றாள் பெண். “முதல்ல உனக்கு எக்கோ.”

எக்கோவில் இதுவரை ஒன்றுமில்லை. ஆனால் விறகுச் சுமையும் தண்ணீர்க் குடமும் இனி தலையில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மலையில் இருக்கும் ஒருத்தியிடம் சொல்ல எவ்வளவு சுலபமான வார்த்தை!

அடுத்த முறை அவர் ஊருக்கு வந்து திரும்பும்போது, தங்கச்சி வழக்கம்போல புளியும் சாமையும் மூட்டை கட்டி வைத்திருந்தாள். பஸ் வந்து நின்றது. தூக்கக் குனிந்தவளை அவர் தடுத்தார். அவர் குனிந்தபோது அவள் தடுத்தாள். கண்டக்டர் விசில் ஊதினார். “ரெண்டு பேரும் தள்ளுங்க” என்று அந்தப் பெண் வந்து மூட்டையைத் தூக்கிப் படிக்கட்டில் வைத்தாள்.