அக்காவின் நோட்டு

எங்கள் அக்கா நர்சிங் படிக்கிறாள். பரீட்சை வந்தால் அவள் நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது என் வேலை. "நாடித்துடிப்பு?" என்றால் "நிமிடத்துக்கு 60 முதல் 100" என்பாள். "மூச்சு?" "12 முதல் 20." "எதுக்குக்கா இந்தக் கிளிப்பிள்ளைப் பாடம்?" என்று கேலி செய்வேன். "ஒருநாள் தெரியும்டா" என்பாள்.

அந்த நாள் ஒரு சஷ்டியன்று வந்தது. அக்கா விடுதியில் இருந்தாள். அப்பாவும் அம்மாவும் திருப்பத்தூர் போயிருந்தார்கள். அப்பத்தா காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு, விரதம் என்று சாப்பிடவில்லை. பதினோரு மணிக்கு உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். "கண்ணக் கட்டுதுப்பா" என்றார். வெயில்தான் என்று விசிறியால் வீசினேன். அப்போதுதான் நோட்டு ஞாபகம் வந்தது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி: ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே!

சர்க்கரை வியாதிக்குச் சர்க்கரையா என்று பயம்தான். ஆனால் அப்பத்தாவுக்கு நினைவு இருந்தது, விழுங்கவும் முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். 15 கிராம், 15 நிமிடம். குறையாவிட்டால் இன்னொரு முறை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். நடுக்கம் நின்றது. பிறகு இரண்டு இட்லி. "விரதம் போச்சேடா!" என்று திட்டும் விழுந்தது.

நண்பர்களே, மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை போடுகிறவர்கள் விரதத்துக்கு முன் டாக்டரைக் கேட்கட்டும்.

நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். 1921-இல் இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேன்டிங் பிறந்ததும் அதே நாளில்தான். அதனால் அது உலக நீரிழிவு தினமும்கூட. அன்று உங்கள் அப்பத்தாவிடம் "சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போதெல்லாம் நான் அக்காவைக் கேலி செய்வதில்லை. கேள்வி மட்டும் கேட்கிறேன்.

– பத்தாம் வகுப்பு மாணவன், கீழச்சிவல்பட்டி