மலம்புழாவுக்குப் போன சைக்கிள் வரிசை

ஒலவக்கோடு ரயில்வே காலனியில் வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் மலம்புழா என்றதும் உங்களுக்கும் அணைக்கு முன்னால் அந்தச் சாலைதான் ஞாபகத்துக்கு வரும். மார்கழிக் காற்றில் கரிம்பனை ஓலைகள் சடசடக்கும். செயின் கவர் கடகடக்கும். "ஓரமா வாங்கடா, பஸ் வருது" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்.

ரயில்வே இன்ஸ்டிடியூட் மாமாக்கள் கூடிப் பேசி ஏற்பாடு செய்கிற பயணம் அது. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து நாள் குறிப்பார்கள். நைட் டூட்டி முடிந்து வந்தவர்கள்கூடத் தூக்கத்தை ஒத்திவைத்துவிட்டு வருவார்கள். சொந்தச் சைக்கிள் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் முந்தின சாயங்காலமே வாடகை சைக்கிள் கடை இக்காவிடம் சொல்லிவைக்க வேண்டும். ரப்பர் சொல்யூஷனும் மண்ணெண்ணெயும் கலந்த அந்தக் கடை வாசனை இருக்கிறதே, அதை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை. டியூபைத் தகரத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழ் வருகிற இடத்தை விரலால் அழுத்தியபடியே நம்மை நிமிர்ந்து பார்ப்பார். கால் எட்டுமா என்று அந்தப் பார்வையிலேயே அளந்துவிடுவார். நீள நோட்டில் பெயர், குவார்ட்டர்ஸ் நம்பர், மணி. மட்கார்டில் வெள்ளை பெயிண்டில் எழுதிய எண்ணுக்காக எங்களுக்குள் சண்டை நடக்கும். எல்லாருக்கும் புது அட்லஸ் சைக்கிள்தான் வேண்டும்.

விடியும் முன்னே காலனியில் தாளிக்கிற சத்தம் கேட்டுவிடும். புளியோதரை, தயிர்சாதம், வாட்டிய வாழையிலையில் கடுமாங்காய். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சேச்சி கப்பையும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் கட்டிக் கொடுப்பார். ஏரிக்கரையில் யார் பொட்டலம் யாரிடம் போகும் என்பது கிளம்பும்போதே பேசி முடிந்திருக்கும். யார்டில் ஷண்டிங் எஞ்சின் ஊதும்போது ஹேண்டில்பாரில் தூக்குச் சட்டி ஆட, வரிசை நகரும்.

அந்த வரிசையை வகுத்தது காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மலைத்தொடரில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிற வாசல் அல்லவா? மார்கழி, தை மாதங்களில் வாளையாறு பக்கமிருந்து வருகிற கிழக்குக் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். மலம்புழாச் சாலையோ வடகிழக்கே போகிறது. அதனால் போகும்போது எதிர்க்காற்று, வரும்போது காற்றே வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும். இடவப்பாதி மழைக்காலத்தில் எல்லாம் தலைகீழ். போகும்போது சுகம், களைத்துத் திரும்பும்போது மேல்காற்று முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்று அடிக்கும்போதெல்லாம் தோள் அகன்ற லோகோ ஷெட் மாமாக்கள் முன்னால் போய்விடுவார்கள். அவர்கள் முதுகு மறைவில் நாங்கள் பொடிசுகள். கடைசியில் பம்ப்பும் பஞ்சர் பெட்டியுமாக ஒரு ஃபிட்டர் தாத்தா. குரங்குப் பெடல் போட்டு வருகிறவன் எவ்வளவு பின்தங்கினாலும் அந்தத் தாத்தா அவனுக்கும் பின்னால்தான் வருவார்.

அணையின் சுவர் தூரத்தில் தெரிந்ததும் தாத்தாவுக்குப் பேச்சு வந்துவிடும். 1949-இல் வேலை தொடங்கியது, 1955 அக்டோபர் 9-ஆம் தேதி காமராஜர் வந்து திறந்துவைத்தது, அன்றைக்கு இந்த மண் மெட்ராஸ் ராஜ்யத்தில் இருந்தது எல்லாம் எங்களுக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்னால் அவர் வாயால்தான் வந்து சேர்ந்தது. "கூட்டத்துல நானும் நின்னேன்டா" என்பார். பூங்காவில் கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் சிலையாகச் செய்து முடித்த யட்சி, மலையைப் பார்த்துக் கால் அகட்டி உட்கார்ந்திருப்பாள். மாமாக்கள் பக்கத்தில் இருக்கும்போது அவளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருக்கும்.

ஆனால் நாங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் பூங்கா அல்ல. கூட்டத்தை விட்டு, ஏரியைச் சுற்றிக்கொண்டு கவா பக்கம் போவோம். பங்குனியில் தண்ணீர் உள்வாங்கி, வெடித்த சேற்றில் இளம்புல் முளைத்திருக்கும். மாடுகள் மேய, அவற்றின் காலடியில் கொக்குகள் நடக்கும். ஆனியில் மேகம் மலையை விட்டிறங்கித் தண்ணீரைத் தொடும். சைக்கிள்களைப் புல்லில் சாய்த்துவிட்டு, இலைகளைப் பிரித்துச் சாப்பிட்டு, ஏரியில் கை கழுவுவோம். இந்தத் தண்ணீர்தான் கீழே கல்பாத்திப் புழையில் நமக்கு முன்னால் போய் நிற்கும் என்று ஒரு மாமி ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் எங்களுக்கு அது புதுச் செய்தியாகவே இருக்கும்.

2007 நவம்பர் 1-ஆம் தேதி பாலக்காடு ரயில்வே கோட்டத்திலிருந்து சேலம் கோட்டம் பிரிந்தபோது, காலனியில் எஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்களில் பல சாமான்களைக் கட்டிக்கொண்டு போயின. இக்காவின் கடை இருந்த இடத்தில் மொபைல் விற்கிறார்கள். சோனிபட்டில் பிறந்த அட்லஸ், சாகிபாபாத்தில் வைத்திருந்த கடைசித் தொழிற்சாலையையும் 2020 ஜூன் 3-இல், உலக சைக்கிள் தினத்தன்றே, நிறுத்தியது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கவாவுக்கு இப்போது காரில் போய், கண்ணாடியை இறக்கிப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகிறார்கள். காரின் வேகத்தில் கரிம்பனைச் சத்தம் காதில் விழாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் தெரியாது.

முன்னால் போன மாமாக்களில் அநேகமாக எவரும் இன்று இல்லை. அந்த வெயிலிலும் காற்றிலும் அவர்கள் நமக்காக எவ்வளவு மூச்சைச் செலவழித்தார்கள் என்பது, அவர்கள் வயதைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைக்கிறது. எதிர்க்காற்றில் முன்னே போக வேண்டிய முறை நம்முடையதாகிவிட்டது. நம் முதுகு மறைவில் வரத்தான் பிள்ளைகள் யாரும் ஊரில் இல்லை.