ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை யூனிட்?



பாகூரில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் நேற்று போன் செய்தார். "டீச்சர், மழைக்காலத்துக்கு முன்னாடி பெட்ரோல் ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எது நல்ல மைலேஜ் கொடுக்கும்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் நம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கத்து ஊர்களைச் சூழ்ந்தது. வில்லியனூர் பக்கம் சங்கராபரணியில் வெள்ளம்.

அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஜெனரேட்டர் இருந்தது. மூச்சுத்திணறல் உள்ள பாட்டிக்கு நெபுலைசர் வைக்க வேண்டும் என்றே வாங்கியது. சாயங்காலம் முதல் லைட், ஃபேன், டிவி எல்லாம் ஓடின. விடியற்காலை 3 மணிக்குப் பாட்டிக்கு மூச்சு வாங்கியபோது பெட்ரோல் தீர்ந்துவிட்டது. தெருப் பிள்ளைகள் பைக்குகளிலிருந்து ட்யூப் போட்டு எடுத்துக் கொடுத்தார்கள். பாட்டி பிழைத்தார். நெபுலைசருக்குத் தேவை 10 நிமிடக் கரண்ட்தான்!

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் வெப்பசக்தி இருக்கிறது. 2 கேவிஏ சின்ன ஜெனரேட்டர் நல்ல லோடில் ஓடினால் அதில் ஒன்றரை முதல் 2 யூனிட் கரண்டாகக் கிடைக்கும். மீதி சூடாகவும் புகையாகவும் போய்விடும். லோடு குறைந்தால் இன்னும் மோசம். 50 சைக்கிள் கரண்ட் தர, சாதாரண ஜெனரேட்டர் எந்நேரமும் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றியாக வேண்டும். 2 பேரை ஏற்றினாலும் 50 பேரை ஏற்றினாலும் வில்லியனூர் பஸ் புதுச்சேரி போகிற டீசல் செலவு ரொம்ப மாறாது இல்லையா, அதே கதை. இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் லோடுக்குத் தகுந்தபடி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், விலை அதிகம்.

இரண்டு ஃபேன், நான்கு எல்இடி பல்பு, போன் சார்ஜர் சேர்ந்து 200 வாட். இதற்காக இரவு 10 மணி நேரம் ஜெனரேட்டர் ஓடினால் 2 யூனிட் கரண்டுக்கு நாலரை லிட்டர் வரை போகும். லிட்டர் 95 ரூபாய் என்று வைத்தால் ஒரு யூனிட் 200 ரூபாய்க்கு மேல்!

அதனால் இப்படிச் செய்யுங்கள். சாயங்காலம் 3 மணி நேரம் மட்டும் ஓட்டுங்கள். முதலில் அரை எச்பி மோட்டாரைப் போட்டு டேங்க்கை நிரப்புங்கள். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால் மற்றவற்றைப் பிறகு போடுங்கள். அடுத்து ஃபிரிட்ஜ், போன், வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி. பேட்டரியில் 15 ஆம்பியர் ஏறினால், 3 மணி நேரத்தில் இழப்பு போக 400 வாட்-மணி கையில் நிற்கும். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் ஒன்றும் 9 வாட் பல்பு ஒன்றும் விடியும் வரை ஓடும். பெட்ரோல் 2 லிட்டருக்குள். நெபுலைசர் வேண்டிய வீட்டில் ஃபேனைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் அதற்கும் போதும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மழைக்குப் பயந்து ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராண்டாவிலோ வைக்காதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். அடுத்தது, ப்ளக் பாயிண்டில் ஒயரைச் சொருகி வீட்டு லைனுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள். அது வெளியே கம்பிக்கும் போகும். கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் எது எத்தனை வாட் என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, மெயின் போர்டு பக்கத்தில் ஒட்டி வையுங்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், சொல்லித் தருகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.