ஓம் என்னும் அளவு

'ஓம்' என்றால் யாழ்ப்பாணத்தார் 'ஆம்' என்று பொருள் கொள்வர். மின்தடையை அளக்கும் ஓமோ ஒரு வாத்தியாரின் பெயர். கொலோன் நகரில் பிள்ளைகளுக்குக் கணக்கும் பௌதிகமும் கற்பித்த ஜார்ஜ் சைமன் ஓம், தாம் கண்ட விதியை 1827இல் நூலாக்கினார். சொந்த நாட்டார் அதனை உடனே மதித்தாரில்லை. 1841இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்தது. வாத்தியார் சொல்லுக்கு எங்கும் இதே கதிதான் போலும்!

என் தம்பி மகன் தன் காருக்கென இரண்டு சப்வூஃபர்கள் வாங்கி வந்தான். ஒவ்வொன்றும் 4 ஓம். ஆம்ப்ளிஃபயரை பிரிட்ஜ் முறையில் இணைத்தால் தடை 4 ஓமுக்குக் குறையலாகாது என்பது அதன் குறிப்பேட்டில் கண்ட நிபந்தனை. "நாலும் நாலும் எட்டுத்தானே பெரியத்தா, பயமில்லை" என்றான். அவன் வரைந்திருந்த படத்திலோ நேர்முனைகள் இரண்டும் ஓரிடத்தில், எதிர்முனைகள் இரண்டும் வேறோரிடத்தில் கூடின. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தாலல்லவா எட்டு? பக்க இணைப்பில் மின்னோட்டத்திற்கு இரு வழிகள் திறக்கின்றன. தடை 2 ஓமாகச் சுருங்கும், ஓட்டம் இரட்டிக்கும், ஆம்ப்ளிஃபயர் கொதித்துக் கருகும். எட்டாக வைத்தால் ஆபத்தில்லை. ஆனால் கிடைக்கும் வலிமை ஏறக்குறையப் பாதிதான். இரண்டு மாதச் சேமிப்பைக் கொட்டியவனுக்கு அது கசந்தது.

இரட்டைச் சுருள் கொண்டவற்றை வாங்குவதே வழி. ஒவ்வொன்றிலும் 4 ஓம் சுருள்கள் இரண்டு. அவற்றைத் தொடராக்க 8. இரு எட்டுகளைப் பக்கமாய்ச் சேர்க்க 4. பெட்டி பிரிக்கப்படாததால் கடைக்காரர் மாற்றித் தந்தார். இணைத்து முடித்து மல்டிமீட்டர் வைத்தால் மூன்றரையே காட்டிற்று, பிள்ளை திடுக்கிட்டான். மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்தில், இசையோ மாறுமின்னோட்டம். அந்தக் குறைவு இயல்பானதே என்றேன். அதன் பிறகுதான் ஃபியூஸைச் செருகினான்.