அத்தையின் ஃபைலும் சிரட்டைக் கணக்கும்

நாங்குநேரிக்காரனுக்கு இரண்டு விஷயத்தில் வாய் நீளும். ஒன்று, ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே பறந்துவிடும் பஸ்கள். இன்னொன்று, வானமாமலைப் பெருமாள் கோயில் எண்ணெய்க் கிணறு. மற்றபடி எதைக் கேட்டாலும், "அதெல்லாம் ஒனக்கு எதுக்குல?" என்பதுதான் பதில். அந்த 'அதெல்லாம்' பட்டியலில் முதலிடம் கர்ப்பப்பைக்கு.

என் அத்தைக்கு வயது 58. பத்து வருஷமாக சுகர். எடை 82 கிலோ (இதை எழுதியது தெரிந்தால் எனக்குச் சாப்பாடு கிடையாது). மாதவிலக்கு நின்று ஏழு வருஷம் கழித்து, ஒருநாள் லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சியிடம் சொல்லியிருக்கிறாள். "சூடுட்டீ. வெந்தயத்த ஊறப்போட்டு முழுங்கு." அத்தை இரண்டு மாதம் முழுங்கினாள். மாமாவுக்கு மூச்சு விடவில்லை.

திருநெல்வேலிக்கு சுகர் செக்கப்புக்கு நான்தான் அழைத்துப் போவேன். அன்று டாக்டரம்மா ஏதோ கேட்க, அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "நீ கொஞ்சம் வெளிய நில்லு ராசா" என்றாள். நின்றேன். கதவு மெல்லிசு.

உடனே ஸ்கேன். கர்ப்பப்பையின் உள்சுவர் நாலு மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லையாம். அத்தைக்கு அதைவிட ரொம்பத் தடிப்பு. சதையைக் கொஞ்சம் எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வர பத்து நாள்.

அந்தப் பத்து நாளில் நமக்கு ஆபீஸ் புத்தி வந்துவிடுமே! "டாக்டர், ஒரு பிளட் டெஸ்ட்ல இதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியாதா?" என்று கேட்டேன். பொறுமைசாலி. உட்கார வைத்துச் சொன்னார்.

சுகர் என்றால் இன்சுலின் குறைச்சல் என்றுதானே நினைக்கிறோம்? அத்தை மாதிரி உடம்புக்கு ஆரம்பத்தில் பல வருஷம் நேர்மாறாம். இன்சுலின் சொல் பேச்சை உடம்பு கேட்பதில்லை. கணையமும் விடாமல் மேலும் மேலும் சுரக்கிறது. அந்த மிச்ச இன்சுலின் கர்ப்பப்பையின் உள்சுவரை வளர்த்துவிடப் பார்க்கும். கொழுப்பு வேறு தன் பங்குக்கு ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும். அதைத் தட்டிக் கேட்க வேண்டிய புரொஜெஸ்டிரான், மாதவிலக்கு நின்றதோடு போய்விட்டது. மடை திறக்க ஆளில்லாத குளம் மாதிரி ஏறிக்கொண்டே போகவேண்டியதுதான்.

இன்சுலினை அளப்பதில் ஒரு சிக்கல். ரத்தத்தில் சில நிமிஷத்தில் காணாமல் போய்விடும். ஆனால் அது உருவாகும்போது 'சி-பெப்டைடு' என்று ஒரு துண்டு ஒன்றுக்கு ஒன்று கழன்று விழுகிறது. அது கொஞ்சம் கூடுதல் நேரம் தங்கும். சிரட்டையை எண்ணினால் உடைத்த தேங்காய்க் கணக்கு வந்துவிடும் அல்லவா, அதுபோல. நியூயார்க், மிலான், வடக்கு சுவீடன் பெண்களிடம் முன்பே எடுத்து உறைய வைத்திருந்த ரத்தத்தை ஆராய்ந்து 2004-ல் ஒரு கட்டுரை வந்தது. சி-பெப்டைடு மிகக் குறைவாக இருந்தவர்களைவிட, மிக அதிகமாக இருந்தவர்களுக்குக் கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோய் ஆபத்து நாலு மடங்குக்கும் மேல்.

"அப்ப அத்தைக்கும் எடுத்துருவோமே!"

"எதுக்கு? அது நூத்துக்கணக்கான பேரை வெச்சுப் போட்ட கணக்கு. உங்க அத்தைக்கு இருக்கா இல்லையான்னு அது சொல்லாது. ரத்தம் பட்டுச்சே, அதுதான் சொல்லும்."

இந்த நோய் வந்தவர்களில் 100-க்கு 90 பேருக்கு அப்படித்தான் முதலில் தெரிகிறதாம். அதற்காக, ரத்தம் பட்ட எல்லோருக்கும் இதுதான் என்றில்லை. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் படும் 100 பேரில் சுமார் 10 பேருக்குத்தான்.

அந்தப் பத்தில் அத்தை ஒருத்தி. ஆரம்பக் கட்டம். கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. இப்போது தெருவில் நடந்து எடையோடு மல்லுக்கட்டுகிறாள். ஆச்சியோடு பேச்சு வார்த்தை இல்லை.

ஆபீஸில் இதைச் சொன்னேன். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 100-க்கு 14 பேருக்கு சுகர். எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேர் வீட்டில் சுகர்கார அம்மா. "அம்மாகிட்ட இதை எப்படிடா கேக்கறது?" என்று எல்லோரும் நெளிந்தார்கள். ஒருத்தன் மட்டும் வராந்தாவுக்குப் போய் போன் போட்டான். "வெக்கங்கெட்ட பய, பெத்தவகிட்ட கேக்குற கேள்வியால இது?" என்று அஞ்சு நிமிஷம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அப்புறம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கடைசியில் மெதுவாக, "போன மாசம் ரெண்டு நாள்..." என்று ஆரம்பித்தாளாம் அந்த அம்மா.

அவன் உள்ளே வந்து லீவ் லெட்டர் எழுத உட்கார்ந்தான்.